எம்மாவைப் பற்றி நாலு பேர் சொன்னது

1815 டிசம்பர் பிற்பகுதியில் லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரி மூன்று பாகங்கள் கொண்ட ஒரு நாவலை விற்பனைக்கு விட்டார். விலை 21 ஷில்லிங். அச்சிட்டவை 2000 பிரதிகள். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' முதலியவற்றை எழுதியவர் என்ற குறிப்பு மட்டும்தான். நாவலின் பெயர் 'எம்மா'. ஹைபரி என்ற சிற்றூரில் வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி, இருபத்தொரு வயதை எட்டப்போகிறவள், ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் ஜோடி பொருத்திவைக்கப் பார்க்கிறாள். போடும் கணக்கு ஒவ்வொன்றும் தப்புகிறது. தன் மனம் யாரை நாடுகிறது என்பதே கடைசியில்தான் அவளுக்குத் தெரியவருகிறது. கொலை இல்லை, கடத்தல் இல்லை, கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. விருந்து, நடனம், உலா, கடிதம், ஊர்வம்பு, முடிவில் மூன்று திருமணங்கள். காதலும் சிரிப்புமாக ஓடும் இலகுவான கதை என்று இன்றைய வாசகர் எளிதில் வகைப்படுத்திவிடக்கூடிய புத்தகம். அது வெளிவந்ததும் ஜேன் ஆஸ்டின் ஒரு காரியம் செய்தார். படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு, கடிதங்களில் வந்ததையும் பிறர் வாய்வழி வந்ததையும் சேர்த்து, ஆள் பெயரோடு வரிசையாக எழுதிவைத்தார். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலுக்கும் அவர் இப்படி ஒரு தொகுப்பு எழுதியதுண்டு. இரண்டும் கையெழுத்துப் பிரதிகளாகப் பிழைத்து, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆஸ்டின் நூல்களைப் பதிப்பித்த ஆர். டபிள்யூ. சாப்மன் 1926இல் இவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தார்.

எம்மா தொகுப்பில் ஏறத்தாழ நாற்பது பேரின் கருத்துகள் இருக்கின்றன. அம்மா, அக்கா, அண்ணன்மார், தம்பி, அண்ணன் மக்கள், தாய்மாமன், மாமி, பக்கத்து வீட்டார், பாதிரியார்கள், சீமாட்டிகள், ஒரு மருத்துவர், ஒரு ஆசிரியை என்று பலவகை ஆட்கள். பெரும்பாலான குறிப்புகள் ஓரிரு வரிதான். ஆஸ்டினைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தொகுப்பை வேடிக்கைக்காக எடுத்துக்காட்டுவது வழக்கம். எழுதியவரைத் தெரியாமல் இருந்திருந்தால் இதைப் படித்து முடித்திருக்கவே மாட்டேன் என்ற மிஸஸ் டிக்வீட், சுவாரஸ்யமில்லை என்று கேள்விப்பட்டதால் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்த மிஸ்டர் ஃபவுல், இவர் சொன்னதை அனுப்பவே மாட்டேன் என்று அண்ணன் மகள் ஃபேனி மறுக்கும் அளவுக்கு நாவலை வெறுத்த மிஸ்டர் காக்கரெல் என்று பட்டியலிட்டு, காலத்தை வென்ற படைப்பை அறியாத மனிதர்கள் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்பு நியாயமற்றது என்பது என் கருத்து. இந்தக் கருத்துகளை நாவலுக்குப் போட்ட மதிப்பெண்களாகப் பார்க்கும்வரை அவற்றில் பாதி அறியாமையாகத்தான் தெரியும். வாசிக்கும்போது தமக்குள் என்ன நடந்தது என்று அவர்கள் தந்த சாட்சியமாக எடுத்துக்கொண்டால், குறை சொன்னவர்களும் புகழ்ந்தவர்களும் ஒரே விஷயத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பதும், பெரிய விமர்சகர்களுக்குக் குறையாத துல்லியத்தோடு பார்த்திருக்கிறார்கள் என்பதும் புலப்படும்.

தொகுப்பைப் புரட்டியதும் கண்ணில் படுவது, கிட்டத்தட்ட எல்லோருமே ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள் என்பது. அக்கா கசாண்ட்ராவுக்கு இது 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸை'விட மேல், 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'குக்குக் கீழ். ஆசிரியை மிஸ் ஷார்ப்புக்கு நேர்மாறு. அம்மாவுக்கு 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கைவிட இதில் பொழுது நன்றாகப் போயிற்று. ஆனால் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் லேடி கேத்தரினுக்கும் மிஸ்டர் காலின்ஸுக்கும் ஈடான பாத்திரம் இதில் இல்லை. தாய்மாமன் லீ பெரட்டும் மாமியும், அதே நாவலின் டார்சியும் எலிசபெத்தும் தங்களைக் கெடுத்துவிட்டார்கள், இனி வேறு யாரையும் ரசிக்க முடியவில்லை என்கிறார்கள். இதைப் படிக்கும்போது வாசகர்கள் புத்தகத்தைப் புத்தகமாகப் பார்க்காமல் தராசில் வைக்கிறார்களே என்று தோன்றலாம். ஆனால் இந்தத் தராசை ஆஸ்டினே எதிர்பார்த்திருந்தார். இளவரசப் பிரதிநிதிக்கு நாவலைக் காணிக்கையாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய நூலகர் ஜேம்ஸ் ஸ்டேனியர் கிளார்க்குக்கு 1815 டிசம்பர் 11 அன்று எழுதிய கடிதத்தில், 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸை' விரும்பியவர்களுக்கு இதில் சாதுரியம் குறைவாகத் தெரியும், 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கை விரும்பியவர்களுக்கு நல்லறிவு குறைவாகத் தெரியும் என்ற அச்சம் தனக்கு இருப்பதாகச் சொல்கிறார். கடற்படை அதிகாரியான அண்ணன் ஃபிரான்சிஸ் பின்னர் சொன்னது கிட்டத்தட்ட இதே வாய்பாடுதான்: சாதுரியம் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் அதிகம், ஒழுக்க உயர்வு 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் அதிகம் என்று இரண்டையும் எடைபோட்டுவிட்டு, இயல்பு மணம் முழுக்க வீசுவதால் 'எம்மா'வையே மேலாக வைக்கிறார். எழுதியவர் எந்த அளவுகோலை மனத்தில் வைத்திருந்தாரோ அதையே வாசகரும் கையில் எடுத்திருக்கிறார். ஒரே வகைக் கதையைத் தொடர்ந்து எழுதும் ஒருவருக்கு வாசகர் தரக்கூடிய பயனுள்ள தகவல் இதுதான். முந்தையதோடு சேர்த்துப் பார்க்கையில் எது கூடியது, எது குறைந்தது என்பதை அவர்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

கூடியது எது என்பதில் வியப்பூட்டும் ஒற்றுமை இருக்கிறது. மிஸஸ் கைட்டன் என்ற பெண்மணி, நாவல் அளவுக்கு மீறி இயல்பாக இருப்பதால் சுவாரஸ்யமாக இல்லை என்கிறார். ஃபிரான்சிஸ் அதே இயல்பைக் காட்டித்தான் அதை முதலிடத்தில் வைத்தார். அண்ணன் மகள் ஆனாவின் கணவர் பென் லெஃப்ராய் நடுவில் நிற்கிறார்: இன்னும் கொஞ்சம் சம்பவங்கள் இருந்திருந்தால் மற்ற நாவல்களுக்கு இது சமம், பாத்திரங்கள் அன்றாடம் பார்க்கும் மனிதர்களாக இருப்பதாலேயே அதிகம் ரசிக்க முடிகிறது. தொகுப்புக்கு வெளியே எழுத்துலகத்துக்குள் போனாலும் இதே குரல்தான் கேட்கிறது. அன்றைக்குப் பெரும்புகழோடு இருந்த நாவலாசிரியை மரியா எட்ஜ்வொர்த்துக்கு ஆஸ்டின் சார்பில் ஒரு பிரதி போயிற்று. அவர் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதத்தில் இதில் கதையே இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டு, எம்மாவின் அப்பாவுக்குப் பிடித்த நீர்க்கஞ்சியைப் பதமாகக் காய்ச்சச் சமையல்காரரிடம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம் என்பதுதான் இதில் நடப்பது என்று கேலி செய்கிறார். அவர் தரும் கதைச் சுருக்கம் முதல் பாகத்து நிகழ்ச்சிகளோடு நின்றுபோகிறது. ஸ்காட்லாந்து நாவலாசிரியை சூசன் ஃபெரியரும் 1816இல் கதை என்று எதுவும் இல்லை என்றே எழுதினார். ஆனால் பாத்திரங்கள் அச்சு அசல் வாழ்க்கையாகவும் நடை சுவையாகவும் இருப்பதால் மர்மமும் சாகசமும் இதற்குத் தேவைப்படவில்லை என்று பாராட்டினார். பதிப்பாளர் மர்ரியே, வால்டர் ஸ்காட்டிடம் மதிப்புரை கேட்டு எழுதும்போது, இதில் சம்பவமும் காதல் வேகமும் போதாதல்லவா என்று கேட்டிருக்கிறார். ஸ்காட் பெயர் போடாமல் 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வில் எழுதிய நீண்ட மதிப்புரை ஆஸ்டினின் கலையைப் பெரிதும் மதித்தது. முந்தைய நாவல்களைவிட இதில் கதை இன்னும் குறைவு என்பதை அதுவும் சொல்லாமல் விடவில்லை. கிராமத்துப் பெண்மணி, கடற்படைக்காரர், பதிப்பாளர், நாட்டின் பெரிய எழுத்தாளர்கள் எல்லோரும் நாவலில் இருப்பது என்ன என்பதில் உடன்படுகிறார்கள். அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதில்தான் பிரிகிறார்கள். மிஸஸ் கைட்டனின் ஒருவரி ஸ்காட்டின் பல பக்கங்களுக்கு முரணானது அல்ல, அதன் சுருக்கம்.

எல்லோரும் சேர்ந்து கதை இல்லை என்று சொல்லும் இந்த நாவலில் உண்மையில் ஒரு கதை, அதுவும் ஃபெரியர் தேவையில்லை என்ற மர்மக் கதை, ஆரம்பத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபிராங்க் சர்ச்சிலும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸும் ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டவர்கள். ஊருக்குத் தெரியாது, எம்மாவுக்குத் தெரியாது, முதல்முறை படிக்கும் நமக்கும் தெரியாது. ஆஸ்டின் அதை ஒளித்துவைத்திருக்கும் இடம்தான் கவனிக்கத்தக்கது. மூன்றாம் பாகத்தில் ஒரு மாலை உலா. ஊர் வைத்தியர் பெரி குதிரையில் கடந்து போகிறார். உடனே ஃபிராங்க், பெரி வண்டி வாங்கப்போவதாக இருந்ததே, அது என்னவாயிற்று என்று தன் மாற்றாந்தாய் மிஸஸ் வெஸ்டனைக் கேட்கிறான். அவருக்கு அப்படி ஒரு விஷயமே தெரியாது. நீங்கள்தானே மூன்று மாதத்துக்கு முன்னால் கடிதத்தில் எழுதினீர்கள் என்கிறான், இல்லை என்கிறார். தடுமாறி, அப்படியானால் கனவு கண்டிருப்பேன் என்று சமாளிக்கிறான். அப்போது மிஸ் பேட்ஸ் வாயைத் திறக்கிறாள். மூச்சு விடாமல் பேசும் பழக்கமுள்ள, வசதி குன்றிய, கல்யாணமாகாத நடுவயதுப் பெண், ஜேனின் பெரியம்மா. அப்படி ஒரு யோசனை இருந்தது உண்மைதான், பெரியின் மனைவியே எங்கள் அம்மாவிடம் வந்து சொன்னாள், கோல் குடும்பத்தையும் எங்களையும் தவிர யாருக்கும் தெரியாத ரகசியம் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். பேட்ஸ் வீட்டுக்குள் மட்டும் இருந்த செய்தி ஃபிராங்குக்கு எப்படிப் போயிற்று? அந்த வீட்டிலிருந்து யாரோ அவனுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். விடை அந்த இடத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் சொல்கிறவள் மிஸ் பேட்ஸ் என்பதால் யாரும் கேட்கவில்லை. எம்மாவின் மனம் கடைசியில் நாடும் மிஸ்டர் நைட்லி ஒருவருக்குத்தான் சந்தேகம் தட்டுகிறது. வாசகரில் பெரும்பாலோர் கண்ணை அடுத்த பத்திக்கு ஓட்டியிருப்பார்கள்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ் பேட்ஸைப் பற்றிய கருத்துகளைப் பார்க்க வேண்டும். பென் லெஃப்ராய்க்கு அவள் அருமையான பாத்திரம், ஆனால் கொஞ்சம் அதிகம். ஆனாவுக்கு அவளைப் பிடிக்கும். ஒன்றிரண்டு உரையாடல்கள்தான் நீளம். ஸ்காட்டும் இதையேதான் சொல்கிறார்: எம்மாவின் அப்பாவும் மிஸ் பேட்ஸும் முதலில் வரும்போது சிரிப்பு மூட்டுகிறார்கள், அடிக்கடி வந்து நீளமாகப் பேசினால் நிஜ வாழ்க்கையில் அப்படிப்பட்டவர்கள் தரும் சலிப்பையே தருகிறார்கள். இந்தச் சலிப்பு எழுத்தாளரின் கைத்தவறு என்று நான் நினைக்கவில்லை. சலிப்பு ஏற்பட்டால்தான் துப்பு கண்ணில் படாமல் போகும். துப்பு படாமல் போனால்தான் எம்மாவோடு சேர்ந்து நாமும் ஏமாறுவோம். அதைவிட முக்கியமானது பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணம். ஒவ்வொருவரும் சாதுரியமான ஒன்றோ, சுமாரான இரண்டோ, அசட்டுத்தனமான மூன்றோ சொல்ல வேண்டும் என்று ஃபிராங்க் விளையாட்டு வைக்கிறான். எனக்கு அசடு மூன்று சுலபம், வாயைத் திறந்தால் போதும் என்று மிஸ் பேட்ஸ் வெள்ளந்தியாகச் சொல்ல, அதில் ஒரு கஷ்டம் உண்டு, ஒரு தடவைக்கு மூன்றுதான் அனுமதி என்று எம்மா எல்லோர் முன்னிலையிலும் குத்துகிறாள். அந்தப் பெண்ணின் முகம் வாடுகிறது. பிறகு நைட்லி எம்மாவைக் கடிந்துகொள்ளும் கண்டிப்பு நாவலின் அறமையம். மிஸ் பேட்ஸ் அதிகம் பேசுகிறாள் என்று இரண்டு பாகங்களாக அலுத்துக்கொண்ட வாசகர் பாக்ஸ் ஹில்லில் எம்மா பக்கம் நின்றவர்தான். அந்தக் கண்டிப்பு அவரையும் சேர்த்துத்தான் சுடுகிறது. லெஃப்ராயும் ஸ்காட்டும் தம் அலுப்பைப் பதிவு செய்திராவிட்டால், நாவல் செய்ய நினைத்ததைச் செய்து முடித்தது என்பதற்கு நம்மிடம் ஆதாரமே இருந்திருக்காது.

தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இங்கேதான் வருகிறது. மிஸ் பிக் என்ற குடும்ப நண்பர் முதல்முறை படித்ததும் நாவல் முழுக்கக் கல்யாணப் பேச்சாகவே இருக்கிறது, பாதிரியார் எல்டனும், எம்மா அவருக்கு ஜோடி சேர்க்கப் பார்க்கும் ஹாரியட்டும் தேவைக்கு மேல் வருகிறார்கள் என்று குறைப்பட்டவர். அவர் இரண்டாம்முறை படித்தார். மிஸ் பேட்ஸை முன்னைவிட மிகவும் பிடித்துப்போயிற்று என்றும், ஹாரியட் ஸ்மித்தைத் தவிர ஹைபரிக்காரர்கள் எல்லோரையுமே பொதுவாகப் பிடிக்கிறது என்றும் சொல்லியனுப்பினார். ஆஸ்டின் அதையும் தனிக் குறிப்பாகச் சேர்த்துக்கொண்டார். ரகசியம் தெரிந்துவிட்ட பிறகு மிஸ் பேட்ஸின் பேச்சில் சலிப்புக்கு இடமில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு செய்தி அகப்படும். மிஸ் பிக் அதைத்தான் ரசித்தாரா, அல்லது அந்த மனுஷி மீது பரிவு வந்துவிட்டதா என்று குறிப்பு சொல்வதில்லை. இரண்டில் எதுவானாலும், ஒரே வாசகரிடம் ஒரே பாத்திரம் இரண்டு வாசிப்புகளில் வேறு வேறாகத் தெரிந்தது என்ற விவரம் அங்கே இருக்கிறது. நாவல் எப்படி இயங்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் அந்தக் காலத்து மதிப்புரைகளில் கிடையாது. தம்பி சார்ல்ஸ் கப்பல் பயணத்தில் மூன்றுமுறை படித்தேன் என்று எழுதியதையும், 'எடின்பரோ ரிவ்யூ'வின் ஆசிரியர் ஜெஃப்ரியை மூன்று இரவுகள் தூங்கவிடாமல் செய்தது என்ற செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜெஃப்ரியின் இதழில் 'எம்மா'வுக்கு மதிப்புரை வரவில்லை. அவர் கண்விழித்துப் படித்தார் என்பதே இந்தத் தொகுப்பால்தான் நமக்குத் தெரியும்.

அப்படியானால் குறை சொன்னவர்கள் ஒருமுறை படித்துவிட்டு ஏமாந்தவர்கள், தவறு அவர்களுடையதுதானே என்று கேட்கலாம். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 21 ஷில்லிங் கொடுத்தோ, வாடகை நூலகத்தில் தவணைக்கு எடுத்தோ மூன்று பாகங்களைப் படிக்கும் ஒருவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கக் கடமைப்பட்டவர் அல்ல. முதல் வாசிப்பில் கிடைத்தது எதுவோ அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. விற்பனைக் கணக்கும் அவர்கள் பக்கம்தான் சாய்கிறது. 1816 அக்டோபருக்குள் 1,248 பிரதிகள் போயின. பிறகு ஓட்டம் தளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து மிச்சமிருந்த 539 பிரதிகளை மர்ரி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட நேர்ந்தது. மிஸஸ் டிக்வீட் ஒற்றை ஆள் இல்லை. புத்தகத்தைக் கையில் எடுத்த ஒரு பெரிய கூட்டத்தின் குரல் அவருடையது. பிற்காலப் புகழை வைத்து அவரைத் தோற்கடிப்பது எளிது. அன்றைய வாசிப்பை அறிய அந்தப் புகழ் உதவாது. அதற்கு அவர் சொன்னதுதான் வேண்டும்.

இன்னும் கனமான ஆட்சேபம், இவர்கள் எல்லோரும் உறவும் நட்பும்தானே என்பது. நாசூக்கு பார்த்துப் பேசியிருப்பார்கள், இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. உறவு என்பது உண்மை. நாசூக்கு என்பதற்குத்தான் தொகுப்பில் ஆதாரம் குறைவு. எம்மாவைச் சகிக்க முடியவில்லை என்று சொன்னது அண்ணன் மகள் ஃபேனி. மற்ற மூன்று நாவல்களுக்கு இது ஈடாகாது, மொழியும் மாறிவிட்டது, ஓட்டமாகப் படிக்க முடியவில்லை என்று சொன்னது மூத்த அண்ணன் ஜேம்ஸும் அண்ணியும். ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் இங்கேதான் கைகொடுத்திருக்கிறது: நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவர்களும், அது இதைவிட நன்றாக இருந்தது என்று தாராளமாகச் சொல்லிவிடலாம். இந்த வட்டத்தின் குறுகல் வேறு விதமானது. வேலைக்காரர்கள், கடைக்காரர்கள், கைத்தொழிலாளர்கள் யாருடைய குரலும் இதில் இல்லை. பாதிரியார் வீடுகளிலும் நிலக்கிழார் வீடுகளிலும் கடற்படைக் குடும்பங்களிலும் 'எம்மா' எப்படி வாசிக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே இது சாட்சி. அதற்கு மேல் இதை இழுக்கக் கூடாது. அந்த எல்லைக்குள்ளும் வாசகரின் இடம் கருத்தில் பதிகிறது. பாதிரியார் மிஸ்டர் ஷெரருக்குப் பாதிரியார்களைச் சித்திரித்த விதம் பிடிக்கவில்லை. மிஸஸ் டிக்சன் என்ற பெண்மணிக்கு நாவலில் அதே பெயரில் ஒரு தம்பதி வருவது உறுத்தியிருக்கிறது. மிஸ் ஹெரிஸ், கதாநாயகியின் வழியாகப் பெண்குலத்தையே காட்டிக்கொடுத்துவிட்டதாகக் கோபப்பட்டார். பேட்ஸ் குடும்பம் தனக்குத் தெரிந்த யாரோதான் என்று உறுதியாகவும் நம்பினார். அந்த இடத்தில் மட்டும் ஆஸ்டின் தன் குரலில், அப்படிப்பட்டவர்களைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்று ஒரு வரி சேர்க்கிறார்.

மற்ற இடங்களில் அவர் பதில் சொல்வதே இல்லை. சொன்னதைச் சுருக்கியிருக்கிறார் என்பது தெளிவு. நாற்பது பேரும் இவ்வளவு கச்சிதமாகப் பேசியிருக்க முடியாது. ஆகவே இது வாசகர் கருத்தா, ஆஸ்டினின் படைப்பா என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். இரண்டும் கலந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சுருக்குகிறவர் எதை வைத்துக்கொண்டு எதை விட்டிருக்கிறார் என்று பார்த்தால் அவருடைய அக்கறை தெரிகிறது. அழகாக இருந்தது, ரசித்தோம் என்ற பொதுப் பேச்சை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார். மூன்றாம் பாகம் மேல், உரையாடல் நீளம், இந்தப் பாத்திரம் அதிகம், அந்தப் பாத்திரத்தை இன்னும் தெரிந்துகொள்ள ஆசை என்று வாசிப்பின் குறிப்பிட்ட இடத்தைத் தொடும் பேச்சு எதுவானாலும், புகழோ பழியோ, நிறுத்திவைத்துக்கொள்கிறார். நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் பிரிக்கவில்லை, வசையை மறைக்கவுமில்லை. தனக்கு மட்டுமே பிடிக்கக்கூடிய கதாநாயகியை எழுதப்போவதாக அவர் சொன்னார் என்று அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் இருக்கிறது. அது உண்மையானால், ஃபேனியின் வெறுப்பும், கதாநாயகிகள் எல்லோரிலும் எம்மாதான் தனக்குப் பிடித்தவள் என்ற ஆனாவின் விருப்பமும் அவருக்குச் சோதனை முடிவுகளாகவே வந்து சேர்ந்திருக்கும்.

எல்லாக் குறைகளையும் நாவலின் சூட்சுமமாக மாற்றிக் காட்டுவதும் ஒரு வகை ஏமாற்றுதான். சில குறைகள் இரண்டாம் வாசிப்பிலும் தீரவில்லை. மிஸ் பிக் மறுபடி படித்த பின்னும் ஹாரியட்டின் காதல்கள் அசட்டுத்தனமாகவே தோன்றின. அவர் சொன்னது சரி. ஹாரியட் எல்டனிடமிருந்து நைட்லிக்கும், நைட்லியிடமிருந்து விவசாயி ராபர்ட் மார்ட்டினுக்கும் மாறிப்போகும் வேகம் எம்மாவின் கதை முடிய வேண்டும் என்பதற்காக நேர்ந்தது. அந்தப் பெண்ணின் மனத்துக்குள் நாவல் போய்ப் பார்க்கவில்லை. ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் விஷயமும் இப்படித்தான். அவளைப் பற்றி இன்னும் தெரிந்திருந்தால் பிடித்திருக்கும் என்கிறார் ஃபேனி. லீ பெரட் தம்பதி அவளுக்காகப் பரிதாபப்பட்டு, ஃபிராங்குக்குத் தகுதிக்கு மீறிய நல்வாழ்வு கிடைத்துவிட்டது என்கிறார்கள். மிஸ் ஷார்ப்புக்குக் கதாநாயகியின் புதுமை பிடித்தது, நைட்லியைக் கொண்டாடினார், எல்டனின் மனைவி மிஸஸ் எல்டனைப் புகழ வார்த்தையில்லை என்றார்; ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் மட்டும் அவருக்குத் திருப்தி தரவில்லை.

இந்த ஆன் ஷார்ப் யார் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த வரியைப் படிக்க வேண்டும். ஆஸ்டினின் அண்ணன் எட்வர்டின் காட்மர்ஷம் மாளிகையில், ஃபேனிக்கே ஆசிரியையாக இருந்தவர் அவர். அந்த வீட்டிலேயே தங்கிச் சம்பளத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பெண். ஆஸ்டின் அவரை நெருங்கிய தோழியாக மதித்து, தனக்குக் கிடைத்த சில அன்பளிப்புப் பிரதிகளில் ஒன்றை அனுப்பிவைத்தார். நாவலில் ஜேனுக்குக் காத்திருக்கும் கதியும் அதே வேலைதான். அந்த வேலைக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் அலுவலகங்களை அடிமை வியாபாரத்தோடு சேர்த்துப் பேசுகிறாள் ஜேன்; இந்த இலகுவான நாவலில் அவ்வளவு கசப்பாக வேறு யாரும் பேசுவதில்லை. அவள் காப்பாற்றப்படுவது ஃபிராங்கின் பணக்கார மாமி திடீரென்று செத்துப்போவதால். ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால் கதை முழுக்க அவள் மனம் நமக்கு மூடியே இருக்கிறது. எம்மாவை நையாண்டிக்கு உரிய நாயகியாக்கிய அதே அமைப்புதான் ஜேனை வாயடைத்து வைத்திருக்கிறது. ஒன்றை விடாமல் மற்றதைத் திறக்க ஆஸ்டினுக்கு வழி இருக்கவில்லை. மிஸ் ஷார்ப் ஏன் திருப்தியடையவில்லை என்று ஆஸ்டினின் சுருக்கம் காரணம் சொல்லவில்லை, நாமாக ஒன்றை அவர் வாயில் திணிக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பாத்திரத்தின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர் என்று தொகுப்பில் நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் இவர்தான். ஸ்காட்டின் மதிப்புரை ஜேனின் வேலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. 'எம்மா'வின் சிரிப்பு எந்த இடத்தில் யாருக்குப் போதாமல் போனது என்பதற்கு அந்தக் காலத்திலிருந்து நமக்கு வந்திருக்கும் சாட்சியம், ஆஸ்டினே தன் கையால் எழுதிவைத்த இந்த ஒரு வரிதான்.